பேட்டரி செல்லு சூடாகுதா? தெர்மல் கேமராவ வச்சு உருப்படியா பாக்குறது எப்படி

ஃபோன் அடியில சொருகுற தெர்மல் கேமரா இப்ப நம்ம பக்கத்துலயும் நெறைய பேர் கையில வந்தாச்சு. எலக்ட்ரீஷியன் வச்சிருக்காரு, ஏசி மெக்கானிக் வச்சிருக்காரு, நாகர்கோவில சுத்தி இருக்க காலேஜ் லேப்ல ஃபைனல் இயர் பிள்ளைங்க பேட்டரி ப்ராஜக்ட்னு சொல்லி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்காங்க. வாங்குன ஒடனே எல்லாரும் செய்யுறது ஒண்ணுதான், பேட்டரிக்கு நேரா காட்டி ஒரு படம் எடுத்து செவப்பா தெரியுற எடத்தப் பாத்து "இது போச்சு"ன்னு சொல்லிருவாங்க. அது கொள்ளாது கேட்டியளா. இந்தக் கேமரா காட்டுற டிகிரிய அப்படியே நம்பக் கூடாது, கலரையும் நம்பக் கூடாது. ஒரே மாதிரி ரெண்டு பொருள், ஒரே எடம், தெரிஞ்ச கரண்ட், அதுல ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம் வருது, அத மட்டும் நம்பலாம். கீழ சொல்லுதது எல்லாமே அந்த வித்தியாசத்த ஒழுங்கா எடுக்கத்தான்.

மொதல்ல செல்லு எதுக்கு சூடாகுதுன்னு பாத்துக்கிடுவோம், இது தெரியாம படம் எடுத்து பிரயோஜனம் இல்ல. எல்லாரும் சொல்லுதது கரண்ட் ஸ்கொயர் இன்டு ரெசிஸ்டன்ஸ், அது பாதி கதை. 1985ல பெர்னார்டி, பாவ்லிகோவ்ஸ்கி, நியூமன்னு மூணு பேரு சேந்து எழுதுன கணக்கத்தான் இன்னைக்கும் பேட்டரி ஆளுங்க கையில எடுக்காங்க. அதுல ரெண்டு பகுதி. ஒண்ணு, சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜுக்கும் லோடு போட்ட பொறவு இருக்க வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசம், அத கரண்டால பெருக்குனா வருற வாட்ஸ், இது சார்ஜ் ஏத்துனாலும் சரி எறக்குனாலும் சரி எப்பவும் சூடுதான். ரெண்டாவது என்ட்ரோபி சூடு, அதாவது உள்ள நடக்குற ரசாயன மாத்தத்தாலயே வருறது, இது ஒரு பக்கம் கரண்ட் போனா சூடாக்கும், திருப்பி விட்டா குளிர வைக்கும். லெட் ஆசிட் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது இந்த ரெண்டாவது பகுதி சூட்ட உறிஞ்சும், அதனால சின்ன லோடுல பேட்டரி லேசா குளிந்தா கேமரா கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிடாதீங்க. தண்ணிய பிரிக்கிற எலக்ட்ரோலைசர்லயும் இதே சங்கதிதான், 1.23 வோல்ட் இருந்தாலே தண்ணி பிரியலாம்னு தியரி சொல்லும், ஆனா 1.48 வோல்ட்டுக்கு கீழ ஓட்டுனா அது வெளியிலேர்ந்து சூட்ட இழுக்கும், அதுக்கு மேல போனாத்தான் சூடாகும்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

இந்த ஃபோன் கேமரா எல்லாம் 8லேர்ந்து 14 மைக்ரான் வரைக்கும் உள்ள இன்ஃப்ராரெட்ட பாக்கும். சின்ன வித்தியாசத்த நல்லா புடிக்கும், 0.1 டிகிரி, கொஞ்சம் நல்ல மாடல்னா 0.05 டிகிரி கூட தெரியும். ஆனா மொத்த டிகிரில 2, 3 டிகிரி முன்ன பின்ன இருக்கும்னு அவங்களே மேனுவல்ல போட்டிருப்பாங்க. வித்தியாசத்த நம்பு, நம்பர நம்பாதன்னு நான் சொல்லுததுக்கு அதுவே காரணம். நிமிஷத்துக்கு ஒருக்கா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா உள்ள 'டிக்'னு ஒரு சத்தம் கேக்கும், ஷட்டர் மூடி அது தன்ன தானே சரி பண்ணிக்கிடுது, அந்த நேரத்துல ரீடிங் சட்டுனு குதிக்கும். அந்த குதிப்ப செல்லுல ஏதோ நடந்துட்டுன்னு க்ராஃப்ல காட்டி வைவால மாட்டிக்கிட்ட பிள்ளைங்க உண்டு. கேமராவ சொருகி ஒரு பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க, அதுவும் சூடாகி ஒரு நிலைக்கு வரணும்ல.

ரெசொல்யூஷன் விஷயம் ஒண்ணு. 160க்கு 120 பிக்சல், 57 டிகிரி பார்வை உள்ள கேமராவ 30 சென்டிமீட்டர் தள்ளி வச்சா ஒரு பிக்சல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஒரு எடத்த நம்பி அளக்கணும்னா கொறஞ்சது மூணுக்கு மூணு பிக்சலாவது அந்த எடம் நெறஞ்சிருக்கணும், அதாவது 6 மில்லிமீட்டர். இ-பைக் பேக்ல எல்லாம் வருற உருளை லித்தியம் செல்லு, 18650ன்னு சொல்லுவாங்க, அது 18 மில்லிமீட்டர் அகலம், தாராளமா போதும். செல்ல இணைக்கிற நிக்கல் பட்டி 8 மில்லிமீட்டர்னா தட்டுத் தடுமாறி போதும். வெல்டு வச்ச புள்ளி ஒண்ணு ஒண்ணா பாக்கணும்னா இந்தக் கேமராவால ஆகாது, லேசர் கட்டிங் மெஷின்ல போடுற ஜிங்க் செலினைடு லென்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி முன்னால வச்சு கிட்ட போய் பாக்கணும். சாதாரண கண்ணாடி லென்ஸ் வச்சா ஒண்ணும் தெரியாது, கண்ணாடி இந்த அலைக்கு சுவர் மாதிரி. அக்ரிலிக்கும் அப்படித்தான். அழகா அக்ரிலிக் பெட்டி செஞ்சு உள்ள செல்ல வச்சு வெளியில இருந்து படம் எடுத்தா பெட்டியோட சூடத்தான் எடுக்கிய. காத்து வராம மூடணும்னா மெலிசான பாலிதீன் கவர இழுத்து ஒட்டுங்க, அது வழியா ஓரளவு தெரியும். அதுலயும் கொஞ்சம் கொறஞ்சுதான் காட்டும், ஆனா பக்கத்துல பக்கத்துல உள்ள ரெண்டு செல்லுக்கும் ஒரே மாதிரி கொறையும், அதனால வித்தியாசம் பாக்க பரவாயில்ல.

இனி எமிசிவிட்டி, அதாவது ஒரு பொருள் தன்னோட சூட்ட எவ்வளவு ஒழுங்கா வெளிய விடுதுங்கற அளவு, முழுசா விட்டா 1. இதுலதான் ஆளு மாட்டுதது. கேமரா பாக்குதது டெம்பரேச்சர இல்ல, பொருள்ல இருந்து வருற வெளிச்சத்த, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பிளாஸ்டிக், பெயின்ட், தோலு, தண்ணி எல்லாம் தன்னோட சூட்ட ஒழுங்கா வெளிய விடும், எமிசிவிட்டி 0.9க்கு மேல. பளபளன்னு இருக்க அலுமினியம் 0.05, நிக்கல் பட்டி 0.1 கிட்ட, மீதி எல்லாம் எதிர்ல இருக்கதோட பிரதிபலிப்பு. ரூம் 30 டிகிரி, நிக்கல் பட்டி நெஜமா 60 டிகிரி, கேமராவ 0.95ல வச்சு பாத்தா ஏறக்குறைய 34ன்னு காட்டும். தொட்டா கை பொசுங்கும், படத்துல குளுகுளுன்னு நீலமா கெடக்கும். பல செல்ல சேத்து வெல்டு வச்ச பேட்டரி பேக்ல வெல்டு விட்டுப்போன எடம் தப்பிக்கிறது இப்படித்தான்.

இதுக்கு வழி கறுப்பு இன்சுலேஷன் டேப். நல்ல கம்பெனி டேப்பா, 10 மில்லிமீட்டர் சதுரமா வெட்டி, அளக்கணும்னு நெனைக்கிற ஒவ்வொரு எடத்துலயும் காத்துக்குமிழி இல்லாம நல்லா அமுக்கி ஒட்டுங்க. கேமராவ 0.95ல வைங்க. இனி அந்த டேப் சதுரத்த மட்டும் பாருங்க, சுத்தி என்ன கலர் இருந்தா நமக்கென்ன. செல்லு மேல இருக்க கலர் பிளாஸ்டிக் உறை ஏற்கனவே 0.9 கிட்ட இருக்கும், அங்க டேப் இல்லன்னாலும் ஒப்பேத்தலாம், ஆனா நான் ஒட்டித்தான் வைப்பேன். எல்லா எடத்துலயும் ஒரே சதுரம் இருந்தா ஒப்பிடுறது லேசு.

சுத்துப்புறத்துலேர்ந்து அடிக்கிற பிரதிபலிப்ப தெரிஞ்சுக்க, சமையல் அலுமினியம் ஃபாயில நல்லா கசக்கி விரிச்சு செல்லு இருக்க எடத்துல வைங்க, எமிசிவிட்டிய 1ல வச்சு அது என்ன காட்டுதோ அதுதான் ரிஃப்ளெக்டட் டெம்பரேச்சர், அந்த நம்பர கேமரா ஆப்ல போடுங்க. ஓட்டு வீடா இருந்தா பிரச்சனை கம்மி. மேல தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கடைல மத்தியானம் வேல பாத்தா கூரை அம்பது டிகிரிக்கு மேல காஞ்சு கெடக்கும், அது எல்லாமே செல்லு மேல விழுந்து திரும்பி கேமராவுக்கு வரும். கூடுமானா சாயங்காலமோ ராத்திரியோ வச்சுக்கிடுங்க. நீங்க குனிஞ்சு பாக்கும்போது உங்க மூஞ்சியே பட்டில தெரியும், அதனால கேமராவ ஸ்டாண்டுல கொஞ்சம் சரிச்சு வச்சிட்டு தள்ளி நில்லுங்க.

அப்புறம் காத்து. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இத சொல்லாம விட முடியாது. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியா அடிக்கிற காத்துதான் முப்பந்தல்ல அத்தன காத்தாடியையும் சுத்துது, அந்தக் காத்து சன்னல் வழியா மெதுவா வந்தாலே செல்லோட சூடு பாதியா கொறஞ்சிரும். ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்துங்க. நல்ல பெரிய அட்டைப்பெட்டி ஒண்ண படுக்க வச்சு, உள்ள கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் தொறந்து கேமராவுக்கு விடுங்க. செல்லு நேரா மேசையில படக்கூடாது, மர மேசையும் சிமென்ட் திண்ணையும் சூட்ட வேற வேற மாதிரி இழுக்கும். அடியில தெர்மோகோல் துண்டு ரெண்டு வச்சு அதுக்கு மேல செல்லு. குலசேகரம் பக்கம் உள்ளவங்களுக்கு ரப்பர் ஷீட்டுக்கா பஞ்சம், அதையும் மடிச்சு வைக்கலாம், ஆனா பால் வாடை அடிச்சா என்னைய சொல்லாதீங்க.

ஆபத்து விஷயத்தையும் இங்கயே சொல்லிருதேன். லித்தியம் செல்லுல வெளித்தோல் 60 டிகிரி தொட்டா டெஸ்ட்ட நிறுத்துங்க, பேச்சே இல்ல. உள்ள வெளியவிட கூட சூடா இருக்கும். 130 டிகிரி கிட்ட போனா பிளஸ்ஸையும் மைனஸையும் ஒட்டாம பிரிச்சு வைக்கிற பாலிதீன் செப்பரேட்டர் உள்ள உருகும், அதுக்கு முன்னாலயே உள்ள வேண்டாத ரசாயன வேல எல்லாம் ஆரம்பிச்சிரும். பெட்டிக்கு பக்கத்துல ஒரு வாளி காஞ்ச எம் சாண்டும் ஒரு வாளி தண்ணியும் இருக்கட்டு. புகை வந்தா மோந்து பாக்காம ஒடனே எல்லாரும் வெளிய ஓடணும், அந்தப் புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடுங்கற விஷ வாயு இருக்கும். உப்புன செல்லு, அடி வாங்குன செல்லு, துருப்பிடிச்ச செல்லு, இத வச்செல்லாம் டெஸ்ட் பண்ண வேண்டாம், அது ஏற்கனவே பதில் சொல்லியாச்சு.

ஒத்தச் செல்லு டெஸ்ட்

ஒரு 18650 செல்லு, நல்ல நெலமையில உள்ளது, டேட்டாஷீட்ல 5 ஆம்பியர் வரைக்கும் எடுக்கலாம்னு போட்டிருக்கணும். பக்கத்துல அதே கம்பெனி அதே மாடல் இன்னொரு செல்லு, எந்த வயரும் இல்லாம சும்மா கெடக்கணும். இந்த சும்மா கெடக்க செல்லுதான் ஹீரோ. ரூம் சூடு ஏறுனா அதுவும் ஏறும், கேமரா குதிச்சா அதுலயும் குதிக்கும். வேல பாக்குற செல்லோட ரீடிங்லேர்ந்து சும்மா செல்லோட ரீடிங்க கழிச்சிட்டா அந்த தொல்லை எல்லாம் ஒரேயடியா போயிரும். ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கட எடம் விடுங்க, ஒட்டி வச்சா ஒண்ணு இன்னொண்ண காய வைக்கும்.

லோடுக்கு எலக்ட்ரானிக் லோடு, அதாவது நாம வைக்கிற கரண்ட அப்படியே இழுக்குற மெஷின், இருந்தா நல்லது, இல்லாட்டி 1 ஓம், 25 வாட் அலுமினியம் உடம்பு ரெசிஸ்டர் ஒண்ணு போதும், 3.7 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ரெசிஸ்டர் நல்லா கொதிக்கும், அத அட்டைப்பெட்டிக்கு வெளிய, செல்லு பாக்காத எடத்துல வைங்க. வயர் தடிமனா இருக்கணும். வோல்டேஜ் அளக்குற மல்டிமீட்டர் முனைய ரெசிஸ்டர்ல வைக்காம நேரா செல்லு முனையிலயே வைங்க, இல்லன்னா வயர்ல விழுற வோல்டேஜையும் செல்லு கணக்குல எழுதிருவிய.

லோடு போடுறதுக்கு முன்னால செல்லு ஒரு மணி நேரமாவது சும்மா இருந்திருக்கணும். அந்த வோல்டேஜ எழுதுங்க, உதாரணத்துக்கு 3.95. ரெண்டு செல்லும் படத்துல ஒரே டிகிரி காட்டுதான்னு பாருங்க, 0.2, 0.3 வித்தியாசம் இருந்தா அத எழுதி வச்சு பொறவு எல்லாத்துலேர்ந்தும் கழிங்க. இனி சுவிட்ச போடுங்க. 10 செகண்டுக்கு ஒரு படம், கூடவே வோல்டேஜ். கேமராவோட ஃப்ரேம் ரேட் கம்மின்னு கவலப்பட வேண்டாம், செல்லு பைய பையத்தான் சூடாகும்.

இப்ப கணக்கு. லோடுல வோல்டேஜ் 3.70ன்னு வச்சுக்கிடுவோம், கொறஞ்சது 0.25 வோல்ட், கரண்ட் 3.7 ஆம்பியர், பெருக்குனா 0.92 வாட். செல்லோட எடை 45 கிராம், ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏத்த 0.9லேர்ந்து 1 ஜூல் வரைக்கும் ஆகும், மொத்த செல்லுக்கு 42 ஜூல்னு போடுவோம். அப்ப செகண்டுக்கு 0.022 டிகிரி, நிமிஷத்துக்கு 1.3 டிகிரி ஏறணும். உங்க க்ராஃப்ல ஏறுற சரிவு இதுக்கு கிட்ட வருதான்னு பாருங்க. வந்தா உங்க செட்டப் சரி. ரொம்ப கொறஞ்சு வந்தா காத்து அடிக்குது, இல்ல டேப் சரியா ஒட்டல. கூட வந்தா என்ட்ரோபி சூடு சேந்திருக்கலாம், இல்ல முனையில கான்டாக்ட் லூசா இருந்து அங்க உண்டான சூடு செல்லுக்குள்ள போவுது.

இதுல ரெண்டு நுணுக்கம் இருக்கு. செல்லுக்குள்ள பாய் சுருட்டுன மாதிரி சுருட்டி வச்சிருக்க தாளு வழியா சூடு குறுக்கால வெளிய வர மெதுவாத்தான் வரும், நீளவாக்குல வேகமா போகும். அதனால மொத ஒரு நிமிஷம் தோல்ல ஒண்ணும் சரியா தெரியாது, அத தள்ளிட்டு ஒண்ணாவது நிமிஷத்துலேர்ந்து நாலாவது நிமிஷம் வரைக்கும் உள்ள சரிவ எடுங்க. அதுக்கு மேல போனா செல்லு சூட்ட காத்துக்கு விட ஆரம்பிச்சிரும், கோடு வளையும். ரெண்டாவது, ஓட ஓட சார்ஜ் கொறையுதுல்ல, அதனால அந்த 3.95ம் உள்ளுக்குள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். லோட எடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி வோல்டேஜ் பாத்து, முன்னாலயும் பின்னாலயும் உள்ளதோட சராசரிய எடுத்தா கணக்கு இன்னும் கிட்ட வரும்.

சில பேரு இன்டெர்னல் ரெசிஸ்டன்ஸ் மீட்டர் வச்சிருப்பாங்க, அது 1 கிலோஹெர்ட்ஸ் ஏசில அளக்கும், 30 மில்லி ஓம்னு காட்டும். அத போட்டு சூடு கணக்கு பண்ணுனா பாதிதான் வரும். மேல உள்ள உதாரணத்துல 0.25 வோல்ட்ட 3.7 ஆம்பியரால வகுத்தா 68 மில்லி ஓம். மீதி எல்லாம் ரசாயன வேல நடக்க ஆகுற செலவு, அது அந்த மீட்டருக்கு தெரியாது, சூட்டுக்கு தெரியும்.

லோட எடுத்த பொறவும் கேமராவ நிறுத்திராதீங்க, குளிர்றதையும் புடிங்க. 18650 செல்லு அசையாத காத்துல கெடந்தா அதோட டைம் கான்ஸ்டன்ட் 16 நிமிஷம் கிட்ட வரும், அதாவது அவ்வளவு நேரத்துல கூடுதல் சூட்டுல மூணுல ரெண்டு பங்குக்கு சித்த கொறவா எறங்கிரும். 42 ஜூல அந்த செகண்டால வகுத்தா ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தன வாட் வெளிய போவுதுன்னு தெரிஞ்சிரும், 0.044 வாட் மாதிரி வரும். இந்த நம்பர் கையில இருந்தா அந்த பெட்டிக்குள்ள எந்த செல்ல வச்சாலும், கடைசில எத்தன டிகிரில போய் நிக்கும்னு முன்னாலயே சொல்லலாம். மேல உள்ள 0.92 வாட்டுக்கு ரூம விட 21 டிகிரி மேல. ரூம் 30ன்னா 51. ஆனா 3.7 ஆம்பியர்ல ஓட்டுனா அந்த நெலைக்கு முழுசா போறதுக்குள்ள சார்ஜ் தீந்துரும்.

ப்ராஜக்ட் பண்ற பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு சொல்லுதேன், இத செஞ்சு காட்டுனா சார்மாருக்கு புடிக்கும். பாதி சார்ஜ்ல செல்ல வச்சு 1 ஆம்பியர்ல டிஸ்சார்ஜ் பண்ணி சூடு பாருங்க, நல்லா ஆற விட்டு மறுபடி அதே பாதி சார்ஜுக்கு கொண்டு வந்து 1 ஆம்பியர்ல சார்ஜ் ஏத்தி பாருங்க. ரெண்டு வாட்டும் ஒண்ணா இருக்காது. ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா எப்பவும் வருற சூடு, கழிச்சு பாதியாக்குனா என்ட்ரோபி சூடு. 1 ஆம்பியர்ல மொதல்ல உள்ளது 0.07 வாட் மாதிரிதான் இருக்கும். செல்லு வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு 0.2 மில்லிவோல்ட் மாறுதுன்னா ரெண்டாவது உள்ளது 300 கெல்வின்ல 0.06 வாட், கிட்டத்தட்ட சமம். சின்ன கரண்ட்ல என்ட்ரோபிய விட்டுட்டு கணக்கு போடுறவங்களுக்கு ஏன் ஒத்து வரலன்னு இப்ப தெரியுதா. இதுக்கு மொத்தமே ஒண்ணு ரெண்டு டிகிரிதான் ஏறும், அதனால சும்மா கெடக்க செல்லு இல்லாம இத தொடவே தொடாதீங்க, டேப் சதுரத்துக்குள்ள உள்ள எல்லா பிக்சலையும் சராசரி எடுங்க, ஒத்த புள்ளிய வைக்காதீங்க.

பேக்கு பாக்கும்போது

இ-பைக் பேக்ல 13 செட்டு சீரிஸ்ல இருக்கும், ஒவ்வொரு செட்டுலயும் நாலஞ்சு செல்லு பேரலல்ல. வெளி உறைய கழட்டித்தான் பாக்கணும், உறையோட பாத்து ஒண்ணும் கிடைக்காது. கழட்டுனா 50 வோல்ட் கிட்ட வெளிய தெரியும், மோதிரம், செயின், வாட்ச் கழட்டி வச்சிட்டு வேல பாருங்க.

சீரிஸ்ல எல்லா செட்டுலயும் ஒரே கரண்ட்தான் போகுது. அதனால ஒரு செட்டு மட்டும் கூட சூடாச்சுன்னா அதுல ரெசிஸ்டன்ஸ் கூடிருச்சு, செல்லு வயசாச்சு இல்ல வெல்டு போச்சு. இது எல்லாருக்கும் தெரியும். ஒரு செட்டுக்குள்ள பேரலல்ல இருக்கும்போதுதான் கத தலைகீழ். அங்க கெட்டுப்போன செல்லு ரெசிஸ்டன்ஸ் கூடுனதால கம்மியா கரண்ட் எடுக்கும், அதனால பக்கத்து செல்லவிட குளிர்ந்து கெடக்கும், அதோட பாரத்தையும் சேத்து சொமக்குற நல்ல செல்லு சூடாகும். வெல்டு முழுசா விட்டுப்போன செல்லு சுத்தமா கரண்ட் எடுக்காது, அக்கம்பக்கத்துலேர்ந்து வருற சூடு மட்டும்தான் அதுக்கு. சூடா இருக்கத பாத்து அத மாத்திட்டு, அசல் கெட்டது உள்ளயே இருக்க, ரெண்டு மாசத்துல கஸ்டமர் மறுபடி வந்து நிக்கிறது இதனாலதான். சவம், நல்ல செல்லுதான் குப்பைக்கு போச்சு.

நடுவுல இருக்க செல்லு எப்பவும் ஓரத்துல இருக்கத விட சூடாத்தான் இருக்கும், அது தப்பு இல்ல, அதுக்கு சூட்ட விட எடமில்ல. அதனால நடுவுல உள்ளத நடுவுல உள்ளதோட, மூலைய மூலையோட ஒப்பிடுங்க. சந்தேகம் இருந்தா லோடு போட்ட மொத அஞ்சு நிமிஷத்து படத்த பாருங்க, அப்ப சூடு அக்கம்பக்கத்துக்கு பரவியிருக்காது, எந்தச் செல்லு சூட்ட உண்டாக்குதுன்னு தெளிவா தெரியும். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு எடுத்த படத்துல எல்லாம் கலந்து கூழாயிருக்கும்.

லெட் ஆசிட், அதுவும் கடக்கரையில

வீட்டு இன்வர்ட்டர்ல இருக்க 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி அம்பது அறுபது கிலோ இருக்கும். இத 18650 மாதிரி நெனச்சு அரை மணி நேரத்துல சூடு பாக்க முடியாது, உடம்பு சூடாக மணிக்கணக்காகும். ஆனா டெர்மினல் ஒடனே பேசும். 400 வாட் லோடு போட்டா 12 வோல்ட் பக்கத்துல 40 ஆம்பியர் கிட்ட ஓடும். வயர் நுனில இருந்து டெர்மினல்ல முறுக்குற உலோகத் துண்டுதான் லக்கு, அந்த லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவுல 2 மில்லி ஓம் இருந்தாலே 3.2 வாட், அந்த சின்ன எடத்துல. ரெண்டு மூணு நிமிஷத்துல பிளஸ்ஸும் மைனஸும் வேற வேற டிகிரில நிக்கும். டேப் சதுரம் லக்கு மேல ஒண்ணு, டெர்மினல் மேல ஒண்ணு, வயர் உறை மேல ஒண்ணு.

கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வள்ளத்துல லைட்டுக்கும் கடலாழம் பாக்குற எக்கோ சவுண்டருக்கும் வச்சிருக்க பேட்டரில இதத்தான் கூட பாக்கேன். உப்புக்காத்து. போட்டு ரெண்டு மாசத்துல லக்கு மேல வெள்ளையும் பச்சையுமா பூத்துரும், அது வெளிய தெரியுறது, உள்ள லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவுல இருக்கதுதான் சங்கதி.

"அண்ணே, பேட்டரி செத்துப் போச்சு, புதுசு தாங்க."

"எங்க செத்துச்சு? லோட போடு பாப்போம். அந்த மஞ்சளா தெரியுது பாரு, அது பேட்டரி இல்ல, உன் லக்கு."

"லக்கு போன மாசம் மாத்துனதுல்லா?"

"மாத்துன. சொரண்டுனியா?"

தக்கலை பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு கடைல வாரத்துக்கு ஒருக்காவது இந்தப் பேச்சு நடக்கும். சோடா உப்பு கலந்த வெந்நி ஊத்தி கழுவி, சொரண்டி, இறுக்கி, வாசலின் தடவி, மறுபடி அதே லோடுல படம் எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டுனா கஸ்டமரும் நம்புவாரு. கழுவும்போது அந்த சோடா தண்ணி வென்ட் மூடி வழியா உள்ள போகக்கூடாது, ஆசிட்ட கெடுத்துரும்.

பக்கவாட்டுல ஆறு செல்லும் பட்டை பட்டையா தெரியும், ரொம்ப நேரம் சார்ஜ்ல கெடந்த பொறவு ஒரு பட்டை மட்டும் தனியா நின்னா அந்த செல்லோட தண்ணி மட்டத்தையும், ஆசிட்டோட அடர்த்திய அளக்குற ஹைட்ரோமீட்டர் ரீடிங்கையும் பாருங்க, படத்த மட்டும் வச்சு செல்லு போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, தண்ணி கொறஞ்சிருந்தாலும் பட்டை மாறும். ஹைட்ரோமீட்டர் கணக்கு நம்ம ஊர்ல 27 டிகிரிக்கு உள்ளது, ஒரு டிகிரி கூட இருந்தா ரீடிங்கோட 0.0007 கூட்டணும், கொறஞ்சா கழிக்கணும். 40 டிகிரில இருக்க பேட்டரிக்கு 0.009 வருது, சின்னதா தெரியும் ஆனா நல்ல செல்லையும் சுமாரான செல்லையும் பிரிக்கிறது அந்த அளவுதான். அந்த டிகிரிய சுவர் தெர்மாமீட்டர பாத்து எழுதாம, பேட்டரி பக்கவாட்டுல தண்ணி மட்டத்துக்கு கீழ டேப் ஒட்டி கேமராவால எடுங்க.

படத்த சேமிக்கிறது

ஆப்ல ஆட்டோ ஸ்கேல்னு ஒண்ணு இருக்கும், மொத வேலையா அத அணைங்க. படத்துல உள்ள மிகச் சூடானதுக்கு வெள்ளை, மிகக் குளிர்ந்ததுக்கு கறுப்புன்னு அதுவே இழுத்துக்கும். எல்லா செல்லும் அரை டிகிரிக்குள்ள நல்லா இருந்தாலும் ஒண்ணு தீப்புடிச்ச மாதிரி தெரியும். 28லேர்ந்து 48ன்னு ஒண்ண ஃபிக்ஸ் பண்ணிட்டு எல்லா படத்தையும் அதுலயே எடுங்க. சேமிக்கும்போது ரேடியோமெட்ரிக் ஃபைலா சேமிக்கணும், அதுல ஒவ்வொரு பிக்சலுக்கும் டிகிரி இருக்கும், பொறவு எமிசிவிட்டிய மாத்தி பாக்கலாம், எக்செல்ல இழுத்துப் போடலாம். வெறும் ஃபோட்டோவா வாட்சப்ல அனுப்புனா கலர் மட்டும்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு படத்தோடயும் கரண்ட், வோல்டேஜ், லோடு போட்டு எத்தன நிமிஷம், ரூம் டிகிரி, எமிசிவிட்டி, கேமரா எவ்வளவு தூரம், சும்மா கெடக்க செல்லு என்ன காட்டுச்சு, இத்தனையும் நோட்டுல எழுதணும். ரிப்போர்ட்ல 46.3 டிகிரின்னு போடாம, சும்மா செல்லவிட 15.7 கூடன்னு போடுங்க. முதல்ல போட்டதுக்கு வைவால "கேமரா ரெண்டு டிகிரி தப்பா காட்டுமே"ன்னு கேட்டா முழிக்கணும், ரெண்டாவதுக்கு அந்தக் கேள்வியே வராது.